கழுத்து ரத்தக்குழாயில் 80% அடைப்பு: ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி இது: அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. போன ஞாயிறு காலை இடது கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது, வாய் குழறியது, இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அதற்கு முந்தைய வாரம் வலது கண் இரண்டு நிமிடம் இருட்டிக்கொண்டு வந்ததாக இப்போதுதான் சொல்கிறார். கழுத்து டாப்ளர் ஸ்கேனில் வலப்பக்கம் 80%, இடப்பக்கம் 50% அடைப்பு என்று வந்திருக்கிறது. உடனே ஆபரேஷன் என்கிறார்கள். இரண்டு மாதத்தில் தம்பி கல்யாணம். அது முடிந்து பார்த்துக்கொள்ளலாமா? மாத்திரையில் கரையாதா? ஸ்டென்ட் வைத்தால் போதாதா? இடப்பக்கத்தையும் சேர்த்தே செய்துவிடலாமா?

கல்யாணம் முடியட்டும் என்று மட்டும் தள்ளாதீர்கள். இந்த ஆபரேஷனில் மற்ற எதைப் பற்றியும் இரண்டு கருத்து இருக்கலாம். எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்பதில் இல்லை. அதற்குக் காரணம் புரிய வேண்டுமானால், அந்த அடைப்பு என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கழுத்தில் இரண்டு பக்கமும் விரல் வைத்தால் துடிக்கிறதே, அதுதான் கரோடிட் தமனி. குரல்வளை மேட்டின் மேல்விளிம்பை ஒட்டி அது இரண்டாகக் கிளை பிரிகிறது. வெளிக்கிளை முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகிறது. உள்கிளை நேரே மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. உள்கிளை தொடங்கும் இடம் சிறிய குமிழ் மாதிரி உப்பி இருக்கும். அங்கே ரத்தம் நேராக ஓடாமல் சுழல்வதால், கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த படிவு பெரும்பாலும் அந்தக் கவையில், அதாவது கிளை பிரியும் இடத்தில்தான் படிகிறது. அடைப்பு இவ்வளவு குறுகிய இடத்தில், கத்தி எட்டும் ஆழத்தில் இருப்பதால்தான் இந்த ஆபரேஷனே சாத்தியமாகிறது.

80% அடைப்பு என்றதும் மூளைக்கு 20% ரத்தம்தான் போகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூளைக்கு நான்கு குழாய்கள் போகின்றன, அவை மூளையின் அடியில் ஒரு வளையமாகச் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று சுருங்கினால் பெரும்பாலும் மற்றவை ஈடுகட்டிவிடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. படிவின் மேல் மெல்லிய மூடி ஒன்று இருக்கும். அது வெடித்தால் அந்தப் புண்ணின் மேல் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டி உறையும். அந்த உறைவு துணுக்கு துணுக்காகப் பிய்ந்து ரத்தத்தோடு மேலே போகும். ஒரு துணுக்கு கண்ணுக்குப் போனால் அதே பக்கக் கண்ணில் திரை இறங்கின மாதிரி இருட்டும். மூளையின் வலப்பக்கம் போனால் இடது கை விழும், வாய் கோணும், பேச்சு குழறும். துணுக்கு சிறியதாக இருந்து கரைந்துவிட்டால் இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகும். பெரியதாக இருந்தால் சரியாகாது, அதுதான் பக்கவாதம். உங்கள் அப்பாவுக்கு வலது கண், பிறகு இடது கை. இரண்டும் வலது கரோடிட் பக்கமே கை காட்டுகின்றன. கண் இருட்டியதை அவர் தாமதமாகச் சொன்னாலும், டாக்டரிடம் தேதியோடு சொல்லிவிடுங்கள்.

அதனால் இந்த ஆபரேஷனை ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதற்கான வேலை என்று பார்க்காதீர்கள். துணுக்கு கிளம்புகிற இடத்தையே எடுத்துவிடுகிற வேலை இது. மூடி வெடித்த முதல் சில நாட்களில்தான் அதிகத் துணுக்குகள் கிளம்பும். வாரங்கள் போகப் போகப் புண் ஆறும், ஆபத்து தணியும். ஆபரேஷனின் பலனும் அதே வேகத்தில் தேயும். பெரிய ஆய்வுகளின் நோயாளிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2004-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். 50 சதவீதமும் அதற்கு மேலும் அடைப்பு உள்ளவர்களில், அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால் 5 பேருக்குச் செய்வதில் ஒருவருக்கு வரவிருந்த பக்கவாதம் தடுக்கப்படுகிறது. 12 வாரம் கழித்துச் செய்தால் 125 பேருக்குச் செய்தால்தான் ஒருவருக்குத் தடுக்கப்படுகிறது. கல்யாணம் முடிந்து செய்வதாக இருந்தால், ஆபரேஷனின் ஆபத்து முழுசாக இருக்கும், பலன் மட்டும் கழிந்துபோயிருக்கும். அந்த இரண்டு மாதத்துக்குள்ளேயே பெரிய பக்கவாதம் வந்துவிட்டால் பேச்சே இல்லை.

அடைப்பின் அளவுக்கும் பலனுக்கும் உள்ள உறவை 1991-இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வு காட்டியது. அறிகுறி வந்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தால், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் அதே பக்கப் பக்கவாதம் வந்தது. ஆபரேஷன் செய்தவர்களில் அது 9 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் அந்தப் பிரிவை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அதே ஆய்வின் 1998 முடிவில், 50 முதல் 69 சதவீதம் வரை அடைப்பு உள்ளவர்களில் ஐந்து வருடத்தில் 22.2 சதவீதம், 15.7 சதவீதமாகக் குறைந்தது. பலன் உண்டு, ஆனால் சுமார். 50-க்குக் கீழே பலனே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள்: ரிப்போர்ட்டில் உள்ள 80% எந்த முறையில் அளந்தது? குழாயின் உள்வாய் மிகக் குறுகலான இடத்தில் 1.5 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதற்கு மேலே நல்ல குழாய் 5 மில்லிமீட்டர். இரண்டையும் ஒப்பிட்டால் 70% அடைப்பு. இது அமெரிக்க முறை. அதே இடத்தில் குமிழ் ஆதியில் 8 மில்லிமீட்டர் அகலம் இருந்திருக்கும் என்று வைத்து ஒப்பிட்டால் 81%. இது பழைய ஐரோப்பிய முறை. ஒரே குழாய்தான், எண் மட்டும் வேறு. மேலே சொன்ன 70, 50 என்ற எல்லைகள் அமெரிக்க முறைக்கு உரியவை. டாப்ளரில் எண்ணை நேராக அளப்பதில்லை, ரத்தத்தின் வேகத்திலிருந்து ஊகிக்கிறார்கள். உள்கிளையில் உச்ச வேகம் விநாடிக்கு 230 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் 70 சதவீதத்தைத் தாண்டியதாகக் கொள்வார்கள். எதிர்ப்பக்கக் குழாய் அடைந்திருந்தால் இந்தப் பக்கம் ஓட்டம் கூடும், அடைப்பு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். ஆகவே டாப்ளரை மட்டும் வைத்துக் கத்தி எடுக்கக் கூடாது. ரத்தக்குழாய்களைப் படமாகக் காட்டும் சி.டி. ஆஞ்சியோவோ எம்.ஆர். ஆஞ்சியோவோ எடுத்து உறுதி செய்ய வேண்டும். அது மண்டைக்குள்ளே இருக்கும் குழாய்களையும் காட்ட வேண்டும். நம் தெற்காசிய மக்களுக்கு மண்டைக்குள் சுருக்கம் அதிகம். கழுத்தைச் சரிசெய்துவிட்டு மேலே இருப்பதைப் பார்க்காமல் விட்டால் வேலை பாதியில் நிற்கும். சர்க்கரைக்காரர் என்பதால் சி.டி.க்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

அதே ஆஞ்சியோ இன்னும் இரண்டு விஷயங்களையும் சொல்லும். குழாய் முழுசாக அடைந்திருந்தால் இந்த ஆபரேஷன் கிடையாது. ஓட்டமே இல்லாத இடத்திலிருந்து துணுக்கு கிளம்புவது அபூர்வம். அடைப்புக்கு மேலே உள்ள குழாயே சுருங்கி நூலிழை போலத் தெரிந்தாலும் ஆபரேஷனால் பெரிய பலன் இல்லை. ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்து, துணுக்கு இதயத்திலிருந்து வரவில்லை என்றும் பார்த்துக்கொள்வார்கள். ஏற்கெனவே பெரிய பக்கவாதம் வந்து மூளையில் பெரிய பகுதி கெட்டிருந்தாலோ, ஆள் மயக்கமாக இருந்தாலோ, அவசரப்படாமல் காத்திருப்பதுதான் சரி. உங்கள் அப்பா அந்த வகையில் இல்லை.

மாத்திரையில் கரையுமா என்றால், கரையாது. ஆனால் மாத்திரை இல்லாமல் ஆபரேஷனும் இல்லை. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும். ஸ்டாடின் மாத்திரை, அதாவது அடோர்வாஸ்டாடின் 40 அல்லது 80 மில்லிகிராம், படிவின் மூடியைக் கெட்டிப்படுத்தும். இந்த மாதிரி நேரத்தில் ஆஸ்பிரினோடு, தட்டணுக்களையே தடுக்கும் இன்னொரு மாத்திரையான குளோபிடோக்ரலையும் சில வாரம் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஆபரேஷனுக்கு முன் அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை சர்ஜன் சொல்ல வேண்டும். ஆஸ்பிரினை மட்டும் ஒருநாளும் நிறுத்தக் கூடாது, ஆபரேஷன் அன்று காலையிலும்கூட. பல் பிடுங்குவதற்கு முன் நிறுத்தச் சொன்ன ஞாபகத்தில் வீட்டிலேயே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. கரோடிட் விஷயத்தில் அது நேராக ஆபத்தை வரவழைப்பது. பீடி, சிகரெட் இருந்தால் அன்றே விட வேண்டும். மேல் பிரஷர் 180-ஐத் தாண்டி நின்றால் அதைக் குறைத்த பிறகே மேசைக்கு அழைத்துப் போவார்கள். அந்த ஓரிரு நாள் தாமதம் நல்லது.

சர்ஜனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று, கூச்சப்படாமல் கேளுங்கள்: “உங்கள் கையில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், முதல் 30 நாளில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ வந்தது?” அறிகுறி வந்த நோயாளிகளில் அது 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஆய்வுகள் காட்டிய பலன் கரைந்துவிடும். தன் கணக்கை வைத்திருக்கும் சர்ஜன் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். வருடத்துக்கு ஒன்றிரண்டு செய்யும் இடத்தைவிட, அடிக்கடி செய்யும் இடத்துக்கு நூறு கிலோமீட்டர் பயணம் செய்து போவது மேல்.

இனி ஆபரேஷன். எண்டார்டெரெக்டமி என்று பெயர். குழாயைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் படிவை உள்சுவரோடு சேர்த்து உரித்தெடுத்து மூடுவது. இரண்டு மணி நேரம் போல ஆகும். கழுத்தை மட்டும் மரக்கச் செய்தும் செய்யலாம், முழு மயக்கத்திலும் செய்யலாம். 3,500 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டுக்கும் பக்கவாதத்திலோ மரணத்திலோ பெரிய வித்தியாசம் வரவில்லை. அந்த டீம் எதில் பழகியதோ அதுவே நல்லது. விழித்திருக்கும் முறையில் ஒரு வசதி உண்டு. வலது கழுத்தில் வேலை என்றால் இடது கையில் கீச்சிடும் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்து, சொல்லும்போதெல்லாம் அமுக்கச் சொல்வார்கள். குழாயைக் கிளாம்ப் போட்டு மூடிய பிறகு கீச்சொலி நின்றால், அந்தப் பக்க மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று அந்த நொடியே தெரிந்துவிடும். எந்த மெஷினும் அவ்வளவு துல்லியமாகச் சொல்வதில்லை.

காதுக்குக் கீழிருந்து மார்பெலும்பை நோக்கிச் சாய்வாக ஓடும் பெரிய தசையின் முன் ஓரத்தை ஒட்டி 8 முதல் 10 சென்டிமீட்டர் கீறுவார்கள். மேல் முனையைத் தாடைக்குக் கீழே நேராகக் கொண்டுபோகாமல் காதின் பின்பக்கம் வளைப்பார்கள். நேராகப் போனால் கீழுதட்டை அசைக்கும் நரம்பு அறுபடலாம். முகத்திலிருந்து வரும் ஒரு சிரை கவைக்கு மேல் குறுக்கே ஓடும்; அதைக் கட்டி வெட்டினால் கதவு திறந்த மாதிரி கரோடிட் தெரியும். கொஞ்சம் மேலே, நாக்கை அசைக்கும் நரம்பு வெள்ளை நூல் மாதிரி உள்கிளையைத் தாண்டிப் போகும். குழாய்க்குப் பின்னால், குரல்நாணுக்குக் கிளை அனுப்பும் வேகஸ் நரம்பு இருக்கும். இந்தக் கட்டத்தில் ஒரு விதி உண்டு: கிளாம்ப் போடும் வரை கவையைத் தொடாதே. குழாயைத் தூக்கிப் பிடித்துத் திசுவை விலக்கக் கூடாது. குழாயை அசையாமல் விட்டுத் திசுவை அதிலிருந்து விலக்க வேண்டும். உள்ளே இருப்பது உதிரத் தயாராக இருக்கும் புண். அழுத்திப் பிடித்த ஒரு விரலே பக்கவாதத்தை உண்டாக்கிவிடும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்தை 5,000 யூனிட் அளவில் ஊசியாகப் போட்டு மூன்று நிமிடம் காத்திருந்து, முதலில் மூளைக்குப் போகும் உள்கிளைக்குக் கிளாம்ப். அதற்குப் பிறகுதான் அடிக்குழாய்க்கும், அதாவது கிளை பிரியும் முன் உள்ள தண்டுக்கும், வெளிக்கிளைக்கும். இந்த வரிசை முக்கியம். பிறகு எது அசைந்து எது உதிர்ந்தாலும் மூளைக்குப் போகும் வழி முதலிலேயே அடைபட்டிருக்கும். மூளையில் அழுத்தம் குறையாதிருக்க, மயக்க மருந்து டாக்டர் இந்த நேரத்தில் பிரஷரைக் கொஞ்சம் தூக்கியே வைப்பார்.

அடுத்த முக்கால் மணி நேரத்துக்கு அந்தப் பக்க மூளை மற்ற மூன்று குழாய்களை நம்பி இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது போதும். போதாதவர்களுக்கு ஷன்ட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயைத் திறந்த தமனிக்குள் வைத்து, வேலை நடக்கும்போதே ரத்தத்தை மேலே அனுப்புவார்கள். 1954-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குக் கரோடிட்டை வெட்டி இணைத்தபோது, மூளையைக் காப்பாற்ற அவர் உடலையே 28 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். இன்று அந்த வேலையைப் பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு குழாய் செய்கிறது. சிலர் எல்லோருக்கும் ஷன்ட் வைப்பார்கள். சிலர் பொம்மை நின்றாலோ, கிளாம்புக்கு மேலே மிச்சமிருக்கும் அழுத்தம் 40, 50-க்குக் கீழே போனாலோ, எதிர்ப்பக்கக் குழாய் முழுசாக அடைந்திருந்தாலோ மட்டும் வைப்பார்கள். எது உசத்தி என்று ஆய்வுகள் தீர்த்துச் சொல்லவில்லை. ஷன்ட்டுக்கும் அதன் ஆபத்து உண்டு: காற்றுக் குமிழி உள்ளே போகலாம், முனை உள்சுவரைக் கிழிக்கலாம். அதனால் மேல்முனையை முதலில் செருகி, திரும்பி வரும் ரத்தம் குழாயை நிரப்பிக் காற்றை வெளியே தள்ளிய பிறகே கீழ்முனையைச் செருகுவார்கள்.

குழாயை நெடுக்குவாட்டில் திறந்தால் மஞ்சளாக, சில இடங்களில் கறுத்த ரத்தக்கட்டோடு படிவு தெரியும். தட்டையான மழுங்கிய கரண்டி ஒன்றைச் சுவருக்கும் அதற்கும் நடுவே விட்டுத் தள்ளினால், ஈரச்சுவரிலிருந்து பழைய சுண்ணாம்பு பாளமாக விடுவது போல அது விடும். சரியான அடுக்கில் இறங்கிவிட்டால் பலமே வேண்டாம். கடினமானது மேல்முனைதான். படிவு அங்கே சன்னமாகி, தானாக முடிந்து கழன்றுவர வேண்டும். படி மாதிரி ஓர் ஓரம் நின்றுவிட்டால், கிளாம்ப் எடுத்ததும் ரத்தம் அந்த ஓரத்துக்கு அடியில் புகுந்து தூக்கும், மடல் மாதிரி குழாயை மூடும், அங்கே ரத்தம் உறையும். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று சொல்லி இரண்டு மணி நேரத்தில் கை விழுந்தால், பல சமயம் காரணம் அந்த ஓரம்தான். அதனால் சந்தேகம் இருந்தால் படிவு முடியும் இடம் வரை கீறலை நீட்டுவார்கள், மயிரிழை போன்ற 7-0 தையலால் ஓரத்தைச் சுவரோடு தைப்பார்கள். மிச்சமிருக்கும் நார்த்துணுக்குகளை ஹெபாரின் கலந்த உப்புநீரை அடித்து மிதக்க வைத்து, ஒவ்வொன்றாகக் குறுக்குவாட்டில் இழுத்து எடுப்பார்கள். பார்க்கச் சலிப்பான வேலை. அங்கே செலவழிக்கும் பத்து நிமிடம் வீண்போவதில்லை.

திறந்த குழாயை அப்படியே இழுத்துத் தைத்தால் வாய் குறுகும். அதனால் ஒரு ஒட்டு வைத்துத் தைப்பார்கள். செயற்கைத் துணி, மாட்டின் இதய உறை, தொடைச் சிரை மூன்றும் பழக்கத்தில் உள்ளன. ஒட்டு வைத்தால் திரும்ப அடைவது குறைகிறது. மாட்டுத் திசு உங்கள் வீட்டில் ஏற்கத்தக்கதல்ல என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், வேறு வைக்கலாம். சிலர் ஒட்டே வைக்காமல், உள்கிளையை அடியில் சாய்வாக வெட்டி, சட்டைக் கையைப் புரட்டுவது போல உட்புறம் வெளியே வரப் புரட்டி, படிவை உருவிவிட்டு மறுபடி இணைப்பார்கள். கை பழகியவரிடம் அதுவும் சமமான பலன் தருகிறது.

மூடும்போதும் வரிசை உண்டு. கடைசித் தையல் போடும் முன் ஒவ்வொரு கிளாம்பையும் ஒரு நொடி திறந்து, உள்ளே நின்ற காற்றையும் துணுக்கையும் ரத்தத்தோடு வெளியே துப்ப வைப்பார்கள். பிறகு முதலில் வெளிக்கிளை திறக்கும், அடுத்து அடிக்குழாய், சில துடிப்புகள் கழித்துக் கடைசியாக உள்கிளை. தப்பிய ஏதாவது இருந்தால் அது கன்னத்துக்குப் போகட்டும், மூளைக்கு வேண்டாம் என்பதுதான் கணக்கு.

முழு மயக்கத்தில் செய்திருந்தால் தியேட்டரிலேயே எழுப்பி, இடது கையைத் தூக்கச் சொல்வார்கள், சிரிக்கச் சொல்வார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள். கை எழவில்லையென்றால் ஒட்டில் ரத்தம் உறைந்திருக்கலாம். அங்கேயே திறந்து பார்ப்பது வழக்கம்.

முதல் இரவில் கவனிக்க வேண்டியது கழுத்து வீக்கம். தையலுக்கு அடியில் ரத்தம் கசிந்து கட்டினால் மூச்சுக்குழாயை நெரிக்கும். குரல் மாறுவது, எச்சில் விழுங்கச் சிரமம், படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது ஆகியவை முதலில் வரும். விரலில் மாட்டிய மெஷினில் ஆக்ஸிஜன் குறைவது கடைசியில்தான் வரும். 98 காட்டுகிறது என்று சும்மா இருக்கக் கூடாது, உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். தேவைப்பட்டால் கட்டிலிலேயே தையலைப் பிரித்து ரத்தக்கட்டை வெளியே எடுப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் உயிரைக் காப்பது அதுதான். கவையில் பிரஷரை உணரும் பகுதி இருப்பதால் முதல் நாள் பிரஷர் ஏறும், இறங்கும். மேல் அளவை 100-க்கும் 160-க்கும் இடையில் பிடித்து வைக்கத்தான் ஐ.சி.யு. மாரடைப்பும் வரலாம். கழுத்தில் அடைத்த நோய்தான் இதயத்திலும் இருக்கிறது, ஆகவே நெஞ்சுவலி என்றால் அசட்டை கூடாது.

நரம்பு பாதிப்பு பற்றி ஒப்புதல் படிவத்தில் எழுதியிருப்பார்கள். நம் பேச்சில் ரத்தக்குழாயையும் நரம்பு என்போம், அதனால் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இங்கே சொல்வது உணர்ச்சிக்கும் அசைவுக்கும் உரிய நிஜ நரம்பு. காது மடல் மரத்துப்போவது மிகச் சாதாரணம். நாக்கு ஆபரேஷன் செய்த பக்கமாகக் கோணலாம், உதட்டு ஓரம் தொங்கலாம், குரல் கம்மலாம். பெரும்பாலும் அறுபடாமல், இழுவையில் நசுங்கியதுதான் காரணம். வாரங்களிலோ சில மாதங்களிலோ திரும்பிவிடும். சாப்பிடும்போது புரையேறினால் மட்டும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். ஷேவ் செய்யும்போது மரத்த இடத்தில் வெட்டுப்பட்டால் தெரியாது. முதலில் எலெக்ட்ரிக் ஷேவர் நல்லது.

எல்லாம் நன்றாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் வீடு. அதற்குப் பிறகு வரும் ஒரு சிக்கலைப் பற்றிப் பலருக்குச் சொல்லி அனுப்புவதில்லை. வெகுநாள் குறைந்த ஓட்டத்துக்குப் பழகிய மூளைப் பகுதிக்கு இப்போது முழு வேகத்தில் ரத்தம் போகிறது. அங்கே இருக்கும் சிறு குழாய்கள் சுருங்கிக் கட்டுப்படுத்தும் சக்தியை இழந்திருந்தால் மூளை வீங்கும், ரத்தக்கசிவும் வரலாம். பெரும்பாலும் முதல் வாரத்தில், வீட்டுக்கு வந்த பிறகு வரும். ஆபரேஷன் செய்த பக்கத்தில் கடுமையான தலைவலி, கண்ணுக்குப் பின்னால் குத்துவது, வலிப்பு, கூடவே ஏறிய பிரஷர். இது சாதாரணத் தலைவலி என்று பாரசெட்டமால் கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, உடனே. தடுப்பதற்கு உங்கள் கையில் இருப்பது ஒரு பிரஷர் மெஷின். இரண்டு வாரம் காலை, மாலை அளந்து நோட்டில் எழுதுங்கள். 160-ஐத் தாண்டினால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

ஸ்டென்ட் போதாதா என்று கேட்டீர்கள். கத்தி இல்லை, வடு இல்லை என்பதால் எளிது போலத் தோன்றுகிறது. 2010-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்ட்டில் 4.1 சதவீதம், ஆபரேஷனில் 2.3 சதவீதம். மாரடைப்பு தலைகீழாக, 1.1-ம் 2.3-மாக இருந்தது. 70 வயதை ஒட்டியும் அதற்கு மேலும் ஆபரேஷன் பக்கமே தராசு சாய்ந்தது. காரணம் எளிது. தொடையிலிருந்து வரும் கம்பி இதயத்துக்கு மேலே உள்ள வளைவைக் கடந்து வர வேண்டும். வயதானவர்களுக்கு அந்த வளைவு முறுகி, அதிலும் படிவு இருக்கும். அதைத் தாண்டிப் புதிதாக வெடித்த புண்ணுக்குள் நுழைந்து பலூனை விரிக்க வேண்டும். மேலே வலை விரித்துப் பிடித்தாலும் சில துணுக்கு தப்பும். ஆகவே 68 வயதில், அறிகுறி வந்த ஒரு வாரத்துக்குள் என்றால் ஆபரேஷன்தான் முதல் தேர்வு. கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தவர்கள், அதே இடத்தில் முன்பு ஆபரேஷன் செய்தவர்கள், அடைப்பு தாடைக்குப் பின்னால் எட்டாத உயரத்தில் இருப்பவர்கள், இதயம் மிகப் பலவீனமானவர்கள், இவர்களுக்கு ஸ்டென்ட் நல்ல வழி. அப்பா இதில் ஏதாவது ஒன்றா என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

இடப்பக்கத்து 50 சதவீதத்தைத் தொட வேண்டாம். அதிலிருந்து அறிகுறி எதுவும் வரவில்லை. அறிகுறியே இல்லாத அந்த அளவு அடைப்புக்கு மாத்திரைதான் சிகிச்சை. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் எந்தக் காரணத்துக்கும் செய்யக் கூடாது. இரு பக்கக் குரல்நாண் நரம்பும் ஒருசேர நசுங்கினால் மூச்சே அடைபடும், இரு பக்கப் பிரஷர் உணரும் பகுதியும் கெட்டால் பிரஷர் கைமீறும். பின்னொரு நாள் இடப்பக்கத்துக்குத் தேவை வந்தால், அதற்கு முன் குரல்நாண் இரண்டும் அசைகிறதா என்று ஈ.என்.டி. டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே. அதுவரை ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில், பிறகு வருடா வருடம் இரண்டு பக்கமும் டாப்ளர். வலப்பக்கம் இரண்டு வருடத்துக்குள் திரும்பச் சுருங்கினால் அது பெரும்பாலும் தழும்புச் சதை. வழவழப்பானது, துணுக்கு அனுப்புவது அபூர்வம், உடனே பயப்பட வேண்டியதில்லை.

இந்த வாரத்திலோ அடுத்த வாரத்திலோ செய்துவிட்டால், கல்யாணத்துக்குள் காயம் ஒரு கோடாகியிருக்கும். முதல் மாதம் கனமான பொருள் தூக்க வேண்டாம், சட்டை காலர் இறுக்க வேண்டாம், வண்டி ஓட்டுவதை டாக்டர் சொன்ன பிறகு தொடங்கட்டும். முகூர்த்தத்தன்று காலை விரதம், அவசரம் என்று மாத்திரை விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். ஒரு இட்லியாவது சாப்பிட வைத்து, ஆஸ்பிரினையும் பிரஷர் மாத்திரையையும் நீங்களே கையில் எடுத்துக் கொடுங்கள்.